தறியில் உட்காரும் உடம்புக்கும் நடை வேண்டும்: எடையைச் சரியாகக் குறைப்பது எப்படி?

"நாள் முழுக்கத் தறியில்தானே உழைக்கிறோம், எங்களுக்கு எதுக்குங்க தனியா உடற்பயிற்சி?" காஞ்சிபுரத்தில் எடை குறைப்பு பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி இதுதான். நியாயமான கேள்விதான். குழித்தறியில் கால் மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறது, கை ஓயாமல் நாடாவைத் தள்ளுகிறது, கண் ஒவ்வொரு இழையையும் கவனிக்கிறது. மாலையில் எழுந்திருக்கும்போது முதுகும் தோளும் வலிக்கின்றன. ஆனால் இவ்வளவு நேரமும் உடம்பு ஒரே இடத்தில் உட்கார்ந்துதான் இருக்கிறது. அதனால் களைப்பு வந்த அளவுக்குக் கொழுப்பு கரைவதில்லை. தார் சுற்றுபவர், பட்டுக்கடையில் விற்பனை பார்ப்பவர், கணினி முன் வேலை செய்பவர், ஆட்டோ ஓட்டுபவர் எல்லோருக்கும் இதே கதைதான்.

ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21), தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும், ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் உடல் எடை அதிகம். ஐந்தில் இரண்டு பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது அழகைப் பற்றிய கவலை மட்டும் இல்லை. அதிக எடையோடு வரும் சர்க்கரை நோயைக் கவனிக்காமல் விட்டால் கண்ணின் விழித்திரையும் பாதத்தின் நரம்புகளும் பாதிக்கப்படும். கண்ணும் காலும்தான் நெசவாளரின் முதலீடு. சேலைக் கணக்கில் கூலி வாங்கும் வீட்டில் ஒருவர் படுத்தால் தறியும் நின்றுவிடும். அதனால்தான் எடையை இப்போதே, சரியான வழியில் கவனிக்க வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள்

வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் இல்லையா? பரவாயில்லை, தையல் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் சுற்றளவை அளங்கள். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடிக்க வேண்டாம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேலும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேலும் இருந்தால் வயிற்றுக் கொழுப்பு அதிகம் என்று பொருள்.

அடுத்தது பி.எம்.ஐ. கணக்கு. உங்கள் எடையை (கிலோவில்), உயரத்தின் (மீட்டரில்) இருமடிப் பெருக்கத்தால் வகுக்க வேண்டும். உதாரணமாக, உயரம் 150 சென்டிமீட்டர், எடை 60 கிலோ என்றால் 60-ஐ 2.25-ஆல் வகுக்க வேண்டும், விடை 26.7. நம்மைப் போன்ற ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு 23-ஐத் தாண்டினால் அதிக எடை, 25-ஐத் தாண்டினால் உடல் பருமன். போனில் உள்ள கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு அளவுகளையும் தேதியோடு போனில் குறித்து வையுங்கள்.

எவ்வளவு குறைத்தால் போதும்?

வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும். அதுதான் பாதுகாப்பான வேகம். 60 கிலோ எடை உள்ளவருக்கு முதல் இலக்கு 3 கிலோ, அதாவது எடையில் 5 சதவீதம். இந்த அளவு குறைந்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். "பத்து நாளில் பத்து கிலோ" என்று பட்டினி கிடந்தால் தசையும் நீரும்தான் குறையும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் எடையும் திரும்பிவிடும்.

சில சமயம் நன்றாக நடந்தும், அளவாகச் சாப்பிட்டும் எடை முள் அசையாது. அப்போதும் விட்டுவிடாதீர்கள். இதற்குச் சென்னையிலேயே நல்ல சான்று இருக்கிறது. டாக்டர் அ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரைச் சுமார் மூன்று ஆண்டுகள் கவனித்தது. முடிவுகள் 2006-இல் வெளியாயின. பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்து, சர்க்கரை, மைதா, எண்ணெய் ஆகியவற்றைக் குறைத்து, நார்ச்சத்தைக் கூட்டியவர்களில் அது 39.3 சதவீதமாகக் குறைந்தது. இவர்களின் சராசரி எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் இதில் முக்கியம். எடை குறையாத நாளிலும் நடையும் உணவும் உள்ளே வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன.

தட்டில் என்ன மாற்றலாம்?

சோற்றை அடியோடு விட வேண்டியதில்லை. தட்டில் அதன் இடத்தைக் குறைத்தால் போதும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 400 கிராம் காய்கறி, கீரையும், 100 கிராம் பழமும் தேவை. இதை வீட்டு வழக்கில் சொன்னால், தட்டில் பாதி காய்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை அல்லது மீன், மீதி கால் பங்கு சோறு. முதலில் காயையும் பருப்பையும் தட்டில் வையுங்கள், சோற்றைக் கடைசியில் வையுங்கள். இந்த வரிசை மாற்றமே ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்துவிடும்.

பருப்புக் கணக்கு: ரேஷனில் வாங்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு மாதம் வைத்துக்கொண்டால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம்தான் வரும். தேவையோ பருப்பு, முட்டை, மீன் எல்லாம் சேர்த்து 85 கிராம் அளவுக்கு. ஆகவே பாசிப்பயறு, கொண்டைக்கடலை, காராமணி, முட்டை என்று ஏதாவது ஒன்றைத் தினமும் சேருங்கள். புரதம் இருந்தால் பசி சீக்கிரம் எடுக்காது.

எண்ணெய்க் கணக்கு: நாலு பேர் உள்ள வீட்டில் மாதத்துக்கு மொத்தம் மூன்று லிட்டருக்குள் எண்ணெய் முடிந்தால், ஆளுக்கு நாளைக்குச் சுமார் 23 கிராம். இது நல்ல அளவு. பாமாயில், நல்லெண்ணெய், கடலை எண்ணெய், நெய் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும். மாதத் தொடக்கத்திலேயே மூன்று லிட்டரை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். இருபதாம் தேதிக்குள் தீர்ந்துபோனால் எங்கே கூடுதலாகப் போகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

டீக் கணக்கு: வேலைக்கு நடுவில் ஐந்தாறு டீ சாதாரணம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் ஆறு டீயில் 50 கிராமுக்குக் குறையாமல் உள்ளே போகிறது. கலோரியில் சொன்னால் 200-க்குக் குறையாது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பதே நல்லது. முதல் வாரம் ஒவ்வொரு டீயிலும் ஒரு ஸ்பூனாகக் குறையுங்கள், அடுத்த வாரம் ஆறை நாலாக்குங்கள். கூடவே வரும் பிஸ்கட், வடை, பஜ்ஜிக்குப் பதிலாகச் சுண்டல் அல்லது ஒரு கொய்யா சாப்பிடலாம்.

கோயில் இட்லி சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம். வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லி மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து ஆவியில் வேகிறது. மிளகு, சீரகம், சுக்கு சேர்கின்றன. ஆவியில் வெந்தது நல்லதுதான். ஆனால் அதில் நெய்யும் சேர்வதால் அளவு முக்கியம். ஒரு துண்டு பிரசாதம் சாப்பிட்ட நாளில், அதைக் காலைச் சிற்றுண்டியின் ஒரு பகுதியாகக் கணக்கில் வையுங்கள். பிரம்மோற்சவம், முகூர்த்த நாள், அன்னதானம் என்று வரும்போதும் இதே முறைதான். ஒரு வேளை விருந்தால் எடை ஏறுவதில்லை. விருந்துக்குப் பிறகு ஒரு வாரம் தொடரும் இனிப்புதான் ஏற்றிவிடுகிறது.

எப்போது, எப்படி நடப்பது?

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளைக்கு அரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் என்றால் கணக்கு முடிந்தது. நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்.

காஞ்சிபுரத்தில் இதற்கு மைதானம் தேட வேண்டியதில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் உள்ள ஏகாம்பரநாதர் கோயிலிலிருந்து சின்ன காஞ்சிபுரத்தில் உள்ள வரதராஜப் பெருமாள் கோயில் நாலு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். ஒரு பக்கம் நடந்து, திரும்பும்போது பஸ் ஏறினாலும் ஒரு மணி நேர நடை கிடைத்துவிடும். அவ்வளவு முடியாதவர்கள் ராஜ வீதிகளில் விடியற்காலையில், வண்டி கூட்டம் வருவதற்கு முன் நடக்கலாம். ஒரே மூச்சில் அரை மணி நேரம் கிடைக்காவிட்டால் காலை 15, மாலை 15 நிமிடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தறியில் இருப்பவர்களும் கடையில் உட்கார்ந்திருப்பவர்களும் இன்னொன்றும் செய்யலாம். போனில் 45 நிமிடத்துக்கு ஒரு அலாரம் வையுங்கள். அது அடித்ததும் எழுந்து மூன்று நிமிடம் நில்லுங்கள், நடங்கள், தோளைச் சுழற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள்: சுவரில் கை ஊன்றித் தண்டால் 10 முறை, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை. இதற்குச் செலவு எதுவும் இல்லை.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

- சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பாட்டை திடீரென்று குறைக்கக் கூடாது. சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.
- கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடை குறைப்பில் தாங்களாக இறங்க வேண்டாம்.
- நடக்கும்போது நெஞ்சு வலி, கடுமையான மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவசரத்துக்கு 108.
- காரணமே இல்லாமல் எடை வேகமாகக் கூடினாலும் குறைந்தாலும் பரிசோதனை அவசியம். தைராய்டு, சர்க்கரை போன்றவை காரணமாக இருக்கலாம்.

வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வரும் "எடை குறைக்கும் பவுடர்", "மூலிகை டீ" விளம்பரங்களை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத பொருள் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம். அந்தப் பணத்தில் ஒரு மாதத்துக்கு முட்டையும் கீரையும் வாங்கிவிடலாம்.

அரசு சேவைகளைப் பயன்படுத்துங்கள்

- ஆரம்ப சுகாதார நிலையம்: ரத்த அழுத்தம், சர்க்கரை பரிசோதனை இலவசம். எடையும் உயரமும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.
- மக்களைத் தேடி மருத்துவம்: 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட திட்டம். ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. தேவைப்படுவோருக்கு இயன்முறை சிகிச்சையும் உண்டு.
- நடப்போம் நலம் பெறுவோம்: 2023 நவம்பர் 4 முதல் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைக்கப்பட்ட திட்டம். 8 கிலோமீட்டரையும் முதல் நாளே முடிக்க வேண்டும் என்பதில்லை, இரண்டில் தொடங்கலாம்.
- 104: உடல்நல ஆலோசனைக்கான உதவி எண். உணவு பற்றிய சந்தேகத்தையும் கேட்கலாம்.
- இ-சஞ்சீவனி: வீட்டிலிருந்தே போன் வழியாக மருத்துவரிடம் இலவசமாக ஆலோசனை பெறும் வசதி. செயலியைப் போனின் அதிகாரப்பூர்வச் செயலிக் கடையிலிருந்து மட்டும் பதிவிறக்குங்கள்.

நாளைக்கே தொடங்க மூன்று வேலை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். நாளைக் காலை இடுப்பை அளந்து போனில் குறித்து வையுங்கள். டீயில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைக் குறையுங்கள். 15 நிமிடம் நடங்கள். வீட்டில் இன்னொருவரையும் சேர்த்துக்கொண்டால் தொடர்வது சுலபம். சமையல் ஒரே அடுப்பில்தானே! 12 வாரம் கழித்து அதே டேப்பை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தாலும் நீங்கள் சரியான பாதையில்தான் போகிறீர்கள்.