நூறு பணத்துக்கு நூறு பறவை

பாசிர் ரிஸ் வீவக வீடுகளில் தொடக்கநிலை ஐந்து, ஆறு படிக்கும் பிள்ளைகளின் கணக்குப் பயிற்சிகளில் இந்த வகைக் கேள்வி தவறாமல் வரும். கறி பஃப் ஒன்று 1 வெள்ளி 80 காசு. மூன்றாக வாங்கினால் 5 வெள்ளி. கையில் 18 வெள்ளி. அதிகமாக எத்தனை வாங்கலாம்?

மூன்று 5 வெள்ளி என்பதை வைத்து ஒன்றின் விலை கண்டு 18-ஐ வகுத்தால் 10.8 வரும். அதை 11 ஆக்கினால் விடை தவறு. மூன்று செட்டுக்கு 15 வெள்ளி போக, மீதி 3 வெள்ளிக்கு ஒன்றுதான் கிடைக்கும். ஆக 10, கையில் 1 வெள்ளி 20 காசு மிச்சம். இன்னும் 60 காசு இருந்தால் பதினொன்று. அதற்கு மேல் 1 வெள்ளி 40 காசு இருந்தால் பன்னிரண்டு. செட் விலை என்று வந்துவிட்டால் வகுத்தல் மட்டும் போதாது. பணம் எந்த இடத்தில் உடைகிறது என்று பார்க்க வேண்டும்.

இந்த வகைக் கேள்விக்கு வயது ஆயிரத்துக்கு மேல். 9-ஆம் நூற்றாண்டில் ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணக் கணித அறிஞர் மகாவீரர், ‘கணித சார சங்கிரகம்’ நூலில் இதன் மிக அழகான வடிவத்தைத் தந்திருக்கிறார். சென்னை மாநிலக் கல்லூரியின் ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்த அந்நூல் 1912-இல் வெளிவந்தது. கணக்கு இதுதான்: புறா ஐந்து 3 பணம். நாரை ஏழு 5 பணம். அன்னம் ஒன்பது 7 பணம். மயில் மூன்று 9 பணம். இளவரசனின் விளையாட்டுக்கு 100 பணத்தில் சரியாக 100 பறவை வாங்கி வர வேண்டும்.

ஒவ்வொரு செட்டிலும் பறவைக்கும் பணத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். புறா, நாரை, அன்னம் மூன்றிலும் பறவை 2 அதிகம். மயிலில் பணம் 6 அதிகம். அப்படியானால் ஒரு மயில் செட்டை ஈடுகட்ட மற்றவற்றில் மூன்று செட் வேண்டும். நான்கு மாறிகளும் இரண்டே நிபந்தனைகளும் கொண்ட கணக்கு இந்த ஒரு பார்வையில் வசப்படுகிறது. மயில் 4 செட் என்றால் மற்றவை சேர்ந்து 12 செட். புறா 4, நாரை 2, அன்னம் 6 செட் எடுத்தால் பறவைகள் 20, 14, 54, மயில் 12: மொத்தம் நூறு. பணம் 12, 10, 42, 36: அதுவும் நூறு.

விடை இது ஒன்றுதானா? புறாவில் ஒரு செட்டும் அன்னத்தில் ஒரு செட்டும் குறைத்து, நாரையில் இரண்டு செட் கூட்டுங்கள். 14 பறவை போய் 14 வருகிறது. 10 பணம் போய் 10 வருகிறது. புது விடை கிடைத்துவிட்டது! நான்கு வகையும் இருக்க வேண்டும், செட் உடையக் கூடாது என்றால் மொத்தம் ஆறு விடைகள்.

சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு இந்த மாற்றிப் பார்க்கும் வித்தை அன்னியமில்லை. 1980-களில் கோ டெக் ஹோங் தலைமையிலான குழு பட்டைப் படம் போட்டுக் கணக்கிடும் முறையை இங்கே கொண்டுவந்ததே அளவுகளின் வித்தியாசத்தைக் கண்ணுக்குக் காட்டத்தான். 2021 பிஎஸ்எல்இ தேர்வில் வந்து பெரும் பேச்சான ஹெலன், ஐவன் கணக்கும் அப்படித்தான். இருவரிடமும் சம எண்ணிக்கையில் நாணயங்கள். ஹெலனிடம் 20 காசு நாணயம் 64, ஐவனிடம் 104. மற்றவை 50 காசு. மொத்தம் எத்தனை நாணயம் என்றே தெரிய வேண்டாம். 40 நாணயத்தில்தான் வேறுபாடு, ஒவ்வொன்றிலும் 30 காசு. ஹெலனிடம் 12 வெள்ளி அதிகம்.

சீனாவில் 5-ஆம் நூற்றாண்டு ஜாங் சியூஜியான் நூலிலும் நூறு காசுக்கு நூறு கோழி வாங்கும் கணக்கு உண்டு. சேவல் 5 காசு, பெட்டை 3 காசு, குஞ்சு மூன்று 1 காசு. சேவல் 4, பெட்டை 18, குஞ்சு 78 என்பது ஒரு விடை. சேவலில் 4 கூட்டி, பெட்டையில் 7 குறைத்து, குஞ்சில் 3 கூட்டினால் எண்ணிக்கையும் காசும் அசையாது: 8, 11, 81. மீண்டும் செய்தால் 12, 4, 84. அடுத்த முறை குறைப்பதற்கு ஏழு பெட்டைகள் இல்லை.