மலைக்காடும் தோப்பூர் வயலும்



நம்ம மலையில கழுவுப்படுற மண் எங்க போகுது தெரியுமா? பாதி வழியில் விக்டோரியா, ரந்தெனிகலை அணைகளில் நிறையப் படியும். மிச்சம் மகாவலியோட 335 கிலோமீற்றர் ஓடி, தோப்பூர், மூதூர் பக்கம் கொட்டியாரக் குடாவுக்குப் போகிறது. அங்கே அல்லைத் திட்டத்து வயலுக்கும் மகாவலிக் கிளையான வெருகல் ஆற்றுத் தண்ணிதான்.

ஒதுக்குக்காடு, சரணாலயம் என்று அறிவிக்கப்படாத அரச காட்டுத்துண்டுகள் நாட்டில் சுமார் 5 இலட்சம் ஹெக்டேயர். 2001இல் ஒரு சுற்றுநிருபம் இவற்றை வன பரிபாலனத் திணைக்களத்திடம் ஒப்படைத்தது. 2020 நவம்பரில் அதை நீக்கி, மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் திருப்பிக் கொடுத்தார்கள். சேனைக்கும் வேறு பயிருக்கும் காணி விடலாம் என்றார்கள். ஏழை விவசாயிக்குக் காணி வேண்டாமென்று யார் சொல்வார்? ஆனால் ஒவ்வொரு பிரதேசமும் தன் துண்டை மட்டும் பார்த்தால், ஆற்றை முழுசாகப் பார்க்க ஆளில்லை.

காடு துண்டானால் யானை ஊருக்குள் வரும். மேட்டுக்காடு போனால் மழைத்தண்ணி மண்ணுக்குள் இறங்காது, மேலாக ஓடும். மழையில் மண்சரிவு, வெயிலில் நம்ம பீலியில் சொட்டுத் தண்ணி. கீழே வாய்க்காலில் சேறு அடையும்.

லயத்துக்கு மேலே மரம் தறிக்க வந்தால், அனுமதி யார் கொடுத்தது என்று கிராம சேவகரிடம் எழுத்தில் கேளுங்கள்.