மூன்று வருஷக் கணக்கு

கோலாலம்பூரின் மஸ்ஜிட் ஜாமெக் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது லெபோ அம்பாங். ஒரு காலத்தில் இங்கே செட்டியார் கிட்டங்கிகள் நிறைந்திருந்தன. ஒரே கூடத்தில் பல வட்டிக்கடைகள். கடைக்கொரு பெட்டி, அதன் முன்னால் சம்மணமிட்ட மேலாள். ஈயச் சுரங்கத்துக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் கடன் கொடுப்பது அவர் முடிவு. முதலாளியோ கடலுக்கு அப்பால், காரைக்குடிப் பக்கம்.

அடுத்தவர் பணத்தை வைத்து ஒரு சம்பளக்காரர் எப்படித் துணிந்தார்?

அப்படித் துணிவது எளிதல்ல. பொருளியலில் நோபல் பெற்ற ரிச்சர்ட் தேலர், ஒரு நிறுவனத்தின் 23 மேலாளர்களிடம் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் பிரிவில் ஒரு முதலீடு. சரிபாதி வாய்ப்பில் 20 லட்சம் டாலர் வரும், சரிபாதி வாய்ப்பில் 10 லட்சம் போகும். செய்வீர்களா? மூவர் மட்டும் ஒப்புக்கொண்டார்கள். நிறுவனத் தலைவரோ 23 முதலீடுகளையும் செய்ய வேண்டும் என்றார். நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 23-ஐயும் சேர்த்துச் செய்தால் மொத்தத்தில் நட்டம் வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துகூட இல்லை! மேலாளருக்குத் தெரிவது தன் ஒற்றைப் பந்தயம். தோற்றால் வேலை போகும். தலைவர் கூட்டுத்தொகையைப் பார்க்கிறார்.

இந்த முடிச்சைக் கிட்டங்கி முன்பே அவிழ்த்திருந்தது என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. மேலாள் வந்தது ஏறத்தாழ மூன்று வருஷத் தவணைக்கு. சம்பளத்தில் ஒரு பகுதி புறப்படும்போதே கிடைத்துவிடும், வீட்டில் அடுப்பு எரியும். தவணை முடிந்து கணக்கு முடிக்கும்போது லாபத்தில் ஒரு பங்கு. ஆக, ஒரு கடன் வாராமல் போனாலும் அவரை எடைபோடுவது மூன்று வருஷத்து மொத்தக் கணக்குதான். பக்கத்துப் பெட்டிக்காரரிடம் கைமாற்று வாங்கலாம். கடன் கேட்டு வருபவரின் நாணயத்தையும் அங்கேயே விசாரிக்கலாம். துணிச்சல் மனிதரின் சுபாவத்தைவிட அந்தக் கூடத்தின் அமைப்பில்தான் அதிகம் இருந்தது என்பேன்.

ஆனால் அந்த நூற்றுக்கு ஐந்து கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: பந்தயங்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விழக்கூடாது. 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை சரிந்தபோது கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் கடன்காரர்கள் ஒரே சமயத்தில் முடங்கினார்கள். பக்கத்துப் பெட்டியும் காலி. பணமாகப் போனது தோட்டமாகத் திரும்பியது. 1933-இல் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் இறுகியது. மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கிய அந்த நிலங்களை ஈடாக வாங்கும் வழியும் அடைபட்டது. வட்டிக்குப் பணம் கொடுக்க வந்த கடைகள், விற்க முடியாத ரப்பர் மரங்களோடு அடுத்த கணக்கைத் தொடங்கின.