பைக் வீல் ஆடுதா? வீட்டிலேயே ஸ்போக் கட்டி 'கோட்டம்' எடுப்பது எப்படி?

பள்ளத்தில் இறங்கி ஏறியதும் வண்டி லேசா ஆடுது, வீலில் இருந்து 'டிக் டிக்'னு சத்தம் வருது. புல்லட் மாதிரி ஸ்போக் வீல் பைக் வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான பிரச்னைதான். ஸ்போக் லூஸாகி ரிம் கோணலாவதை மெக்கானிக்குகள் 'கோட்டம்' என்பார்கள். வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? முடியும். ஆனால் எங்கே நிறுத்தணும்னு தெரிஞ்சிருக்கணும்.

ஒரு கம்பிதானே என்று விடலாமா?

ஸ்போக் மெல்லிய கம்பி. அழுத்தினால் வளையும், இழுத்தால்தான் அதற்குப் பலம். அதனால் ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே எல்லா கம்பிகளையும் நிப்பிள் போட்டு முன்கூட்டியே இழுத்துக் கட்டியிருப்பார்கள். தரைப்பக்கம் வரும்போது கம்பியின் இறுக்கம் குறையும், மேலே போனதும் கூடும். லூஸான கம்பி ஒவ்வொரு சுற்றிலும் முழுசா தளர்ந்து, பிறகு வெடுக்கென இழுபடும். கடைசியில், பெரும்பாலும் ஹப்பில் வளையும் இடத்தில் முறியும். அந்தச் சுமை பக்கத்துக் கம்பிகள் மீது ஏறும். ஒன்று உடைந்ததும் அடுத்தடுத்து உடைவது இதனால்தான்.

கண்டுபிடிப்பது சுலபம். ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டுங்க. 'டிங்' என்றால் இறுக்கம். 'டப்' என்றால் லூஸ்.

கோட்டம் எடுப்பது எப்படி?

இன்ஜினை ஆஃப் செய்து, நியூட்ரலில் போட்டு, வீல் தரையில் படாமல் தூக்கி நிறுத்துங்க. ஃபோர்க்கிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒரு ஜிப் டை கட்டி, அதன் முனை ரிம்மை உரசும் அளவுக்கு வையுங்க. வீலைக் கையால் சுற்றினால் கோட்டம் எந்த இடத்தில் என்று தெரிந்துவிடும்.

ரிம் இடதுபக்கம் தள்ளியிருந்தால், அந்த இடத்தில் ஹப்பின் வலதுபக்கத்தில் இருந்து வரும் கம்பிகளை இறுக்கி, இடதுபக்கக் கம்பிகளைத் தளர்த்தணும். ரிம் வெளியே புடைத்திருந்தால் அங்கே இரண்டு பக்கக் கம்பிகளையும் சேர்த்து இறுக்கணும். ஒரு தடவைக்கு கால் சுற்று போதும். ஒரே கம்பியை முறுக்கிக்கொண்டே போனால் கோட்டம் வேறு இடத்துக்கு ஓடும்.

பலர் குழம்புவது திசையில்தான். டயர் பக்கத்தில் இருந்து ஸ்க்ரூ டிரைவரால் திருப்பினால் கடிகாரச் சுற்றில் இறுகும். ஹப் பக்கம் இருந்து ஸ்பேனரோடு பார்க்கும்போது அதுவே எதிர்ச்சுற்றாகத் தெரியும்.

ஹோண்டா சர்வீஸ் மேனுவல்களில் பக்கவாட்டிலும் மேல் கீழாகவும் வழக்கமாக 2 மி.மீ. வரை ஆட்டம் அனுமதி. உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பதை அதன் மேனுவலில் பாருங்க.

புதுசா ஸ்போக் கட்டணுமா?

பழைய கம்பியை அறுத்துப் போடுவதற்கு முன் செய்ய வேண்டியதுதான் முக்கியம். நாலு பக்கமும் போட்டோ எடுங்க. ஹப் விளிம்பில் இருந்து ரிம் எவ்வளவு தள்ளியிருக்கு என்று அளந்து எழுதுங்க. பல வண்டிகளில் ரிம் ஹப்பின் நட்ட நடுவில் இருக்காது. இந்த அளவை விட்டால் முன் வீலும் பின் வீலும் ஒரே கோட்டில் நிற்காது.

36 ஸ்போக் வீலில் பக்கத்துக்கு 18. அதில் 9 உள்கம்பி, 9 வெளிக்கம்பி. இரண்டின் வளைவும் வேறாக இருக்கலாம், கலந்துவிடாதீங்க. முதலில் உள்கம்பிகள். ஒரே வரிசைக் கம்பிகள் ரிம்மில் நாலு துளைக்கு ஒன்றாக வரும். ரிம் துளைகளின் சாய்வே எந்தக் கம்பி எங்கே என்று காட்டிக்கொடுக்கும். எல்லாம் மாட்டும் வரை நிப்பிள்களை விரலால் மட்டும் திருகுங்க.

கட்டி முடித்ததும் நிப்பிளுக்கு வெளியே கம்பி நீட்டினால் அரத்தால் ராவி, ரிம் டேப் போடணும். இல்லாட்டி டியூப் பஞ்சர்தான். டயரை கழற்றாமல் கால், அரை சுற்றுக்கு மேல் இறுக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

எப்போது கடைக்குப் போகணும்?

ரிம்மில் விரிசல் இருந்தாலோ, கல்லில் மோதி விளிம்பு நசுங்கியிருந்தாலோ ஸ்போக்கை முறுக்கி சரிசெய்ய முடியாது. முதல்முறையாகக் கட்டிய முன் வீலை, வீல் கட்டும் அனுபவசாலியிடம் காட்டாமல் ரோட்டில் இறக்க வேண்டாம்.

புதுக் கம்பிகள் முதல் சில நூறு கி.மீ.க்குள் அமர்ந்து கொஞ்சம் தளரும். அப்போது மீண்டும் ஸ்பேனரால் தட்டிக் கேளுங்க.