துருத்தி நிற்கும் காதுகள்: எப்போது திருத்துவது, யார் முடிவு செய்வது?

தலையை ஒட்டி அமையாமல் வெளியே துருத்தி நிற்கும் காதுகளால் கேட்கும் திறன் குறைவதில்லை. இது ஒரு நோயும் அல்ல. இருந்தும், சிறுவர்களுக்குத் தோற்றத்தைச் சீர்செய்வதற்காகச் செய்யப்படும் அறுவை சிகிச்சைகளில் பிரிட்டனில் நன்கு அறியப்பட்டது காதுகளைத் திருத்தும் சிகிச்சைதான். இங்கிலாந்தில் 18 வயதுக்குட்பட்டோருக்கு அழகுக்காக போடாக்ஸ் ஊசி போடுவது 2021ஆம் ஆண்டு அக்டோபர் முதல் சட்டவிரோதம். ஆனால் ஐந்து, ஆறு வயதுக் குழந்தையின் காதை அறுத்துத் தைப்பதற்கு அங்கே சட்டத் தடை ஏதும் இல்லை.

முரண்பாடாகத் தோன்றும் இந்த நிலைமைக்குக் காரணம் பள்ளிக்கூடம். நியூயார்க்கில் எட்வர்ட் டால்பட் ஈலி என்ற மருத்துவர் 12 வயதுச் சிறுவன் ஒருவனின் காதுகளைத் திருத்தியது குறித்து 1881ஆம் ஆண்டு வெளியிட்ட குறிப்பு, தோற்றத்துக்காக மட்டும் செய்யப்பட்ட இத்தகைய சிகிச்சை பற்றிய முதல் பதிவாகக் கருதப்படுகிறது. அந்தச் சிறுவனை மருத்துவரிடம் கொண்டுவந்ததும் கூடப் பழகும் பிள்ளைகளின் கேலிதான். மன்னர் சார்ல்ஸின் காதுகளைக் கேலிச்சித்திரக்காரர்கள் பல பத்தாண்டுகளாக விட்டுவைத்ததில்லை. தமது காதுகளுக்காகச் சிறுவயதில் தாமும் கேலிக்கு ஆளானதாக பராக் ஒபாமா கூறியிருக்கிறார். மன்னரானவரும் அதிபரானவரும் உண்டு என்று ஏழு வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பயனில்லை.

செவிமடலின் வெளி விளிம்புக்கு உட்புறமாக, அதற்கு ஏறக்குறைய இணையாக ஒரு மடிப்பு ஓடுவதைத் தடவிப் பார்த்தால் உணரலாம். இந்த மடிப்பு சரியாக விழாதபோது காதின் மேற்பகுதி விரிந்து நிற்கிறது. காதுத் துளையைச் சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளம் அளவுக்கு மீறி ஆழமாக இருந்தாலும் காது வெளியே தள்ளப்படும். பலருக்கு இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கும். பெரும்பாலும் குடும்பவழி வருவது. விளிம்புக்கும் தலைக்கும் உள்ள இடைவெளி சுமார் 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் அதைத் துருத்திய காது என்று மருத்துவர்கள் பொதுவாகக் கொள்கிறார்கள்.

முதல் சில வாரங்கள்

அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவதற்கு முன்னால், அதைத் தவிர்க்கக்கூடிய ஒரு வாய்ப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெற்றோரில் பலர் இதை அறிந்துகொள்ளும்போது காலம் கடந்துவிட்டிருக்கும்.

பிறந்த குழந்தையின் காதுக் குருத்தெலும்பு பிசைந்த மாவைப் போல இளக்கமானது. தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குழந்தையின் இரத்தத்தில் இன்னும் மிச்சமிருப்பதே இதற்குக் காரணம் என்று விளக்கப்படுகிறது. அந்த ஹார்மோன் குறையக் குறைய, சுமார் ஆறு வாரங்களில் குருத்தெலும்பு விறைத்துவிடுகிறது. இந்த இடைவெளியைப் பயன்படுத்தி, கத்தியின்றிக் காதைச் சீராக்க முடியும் என்பதை ஜப்பானிய மருத்துவர்கள் 1980களில் விரிவாக எடுத்துக்காட்டினார்கள். சிலிக்கான் குழாயில் பொதிந்த மெல்லிய கம்பி ஒன்றைக் காதின் மடிப்பில் பொருத்தி, தோலுக்கு இதமான ஒட்டுநாடாவால் காதைத் தலையோடு சேர்த்து ஒட்டுவதே முறை. இதைச் சில வாரங்கள் அகற்றாமல் வைத்திருக்க வேண்டும். குழந்தை பிறந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். மாதங்கள் கடந்த பின் தொடங்கினால் நாட்களும் நீளும், பலனும் நிச்சயமில்லை. தோல் புண்ணாகாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர இதில் பெரிய ஆபத்து இல்லை. செலவும் அறுவை சிகிச்சையோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

நம் பாட்டிமார் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும்போது தலையை உருட்டி, மூக்கை நீவி விடுவதுண்டு. இளம் உடலை வடிவமைக்கலாம் என்ற அவர்களின் எண்ணம் காதைப் பொறுத்தவரை தவறல்ல. ஆனால் தினமும் சில நிமிடம் நீவுவதால் குருத்தெலும்பு மாறாது. இரவும் பகலும் ஒரே நிலையில் பிடித்து வைத்தால்தான் மாறும்.

பிரிட்டனில் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் முதல் சில வாரங்களுக்குள் செவித்திறன் பரிசோதனை வழங்கப்படுகிறது. காது எப்படிக் கேட்கிறது என்று பார்க்கப்படும் அந்த வேளையிலேயே, அதன் வடிவம் பற்றியும் பெற்றோர் கேட்டுவிடுவது நல்லது. எனினும் பிறக்கும்போது ஒழுங்காக இருந்து, முதல் ஆண்டுக்குள் துருத்திக்கொள்ளும் காதுகளும் உண்டு என்பதால், இந்த முறை எல்லாருக்கும் கைகொடுக்காது.

குழந்தை கேட்கட்டும்

வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் குறைந்தது ஐந்து வயது வரை காத்திருக்க வேண்டும். அந்த வயதுக்குள் காது ஏறக்குறைய முழு வளர்ச்சி அடைந்துவிடும். குருத்தெலும்பும் தையலைத் தாங்கும் அளவுக்கு உறுதி பெற்றிருக்கும்.

ஆனால் உடல் தயாராவது வேறு, குழந்தை தயாராவது வேறு. கேலி தொடங்குமுன்னே முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படும் பெற்றோர் இருக்கிறார்கள். தன் காதுகளைப் பற்றிக் கவலையே படாத குழந்தையிடம், அதில் குறை இருக்கிறது என்று முதலில் சொல்பவர்கள் அவர்களாகவே ஆகிவிடுகிறார்கள். குழந்தை தானாக விரும்பிக் கேட்கும்வரை பொறுத்திருப்பதே சரி என்று அறுவை சிகிச்சை நிபுணர்கள் பலரும் கருதுகிறார்கள். விரும்பிக் கேட்ட குழந்தை கட்டைப் பிய்க்காமல் ஒத்துழைக்கும் என்பது அவர்கள் காட்டும் நடைமுறைக் காரணம். காத்திருப்பதால் கெடுவது எதுவும் இல்லை. இதே சிகிச்சையை முப்பது, நாற்பது வயதிலும் செய்துகொள்ளலாம்.

பிரிட்டனில் இதைத் தோற்றம் சார்ந்த சிகிச்சை என்று வகைப்படுத்தி, தேசிய சுகாதார சேவை பொதுவாக இலவசமாகச் செய்வதில்லை. கடும் மன உளைச்சல் போன்ற காரணங்களுக்காக விதிவிலக்கு கிடைக்குமா என்பது அந்தந்தப் பகுதி நிர்வாகத்தைப் பொறுத்தது. தனியார் மருத்துவமனைகளில் 2,500 பவுண்டுக்கு மேல் செலவாகும். ஆக, கேலிக்கு ஆளாகும் இரண்டு குழந்தைகளில் யாருக்குத் தீர்வு கிடைக்கும் என்பதைப் பெற்றோரின் பணவசதியே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. பொதுப்பணத்துக்கு இதைவிட அவசரமான தேவைகள் உண்டு என்ற வாதம் புறக்கணிக்கத்தக்கதல்ல. ஆனால் முதல் வாரங்களில் சிறு செலவில் முடியக்கூடியதைப் பெற்றோருக்கு எடுத்துச்சொல்ல அதிகப் பணம் தேவைப்படாது.

சிகிச்சையில் காதின் பின்புறம் கீறி, குருத்தெலும்பை மடித்துத் தைக்கிறார்கள். கரையாத நூலால் மடிப்பை உருவாக்கும் முறையை ஸ்காட்லாந்தின் ஜாக் முஸ்டார்டே 1963ஆம் ஆண்டு வெளியிட்டார். அது இன்றும் பரவலாகக் கையாளப்படுகிறது. குழந்தைகளுக்கு முழு மயக்க மருந்தும் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசியும் கொடுக்கப்படும். ஓரிரு மணிநேரத்தில் முடிந்து, வழக்கமாக அன்றே வீடு திரும்பலாம். பின்னர் சுமார் ஒரு வாரம் தலையில் கட்டு, அதன்பின் சில வாரங்கள் இரவில் துணிப்பட்டை.

காதுகள் இரண்டும் முழுமையாக ஒத்திருக்காமல் போகலாம். மீண்டும் துருத்திக்கொள்ளவும் கூடும். சிகிச்சைக்குப் பிறகு ஒரு காதில் மட்டும் வலி கூடிக்கொண்டே போனால், உள்ளே இரத்தம் கட்டியிருக்கலாம். கட்டைப் பிரிக்கும் நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தாமதித்தால் குருத்தெலும்பே சிதையும்.

கருமையான தோல் உடையவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கீலாய்ட் எனப்படும் தடித்துப் பரவும் தழும்பு அவர்களிடம் அதிகம் காணப்படுகிறது. அது அடிக்கடி தோன்றும் இடங்களில் காதும் ஒன்று. காது குத்திய இடத்தில் குழந்தைக்கோ நெருங்கிய உறவினருக்கோ அத்தகைய தழும்பு வந்திருந்தால், அதை முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். செலவு குறைவு என்று விடுமுறையில் இந்தியா சென்று செய்துகொள்ள எண்ணுபவர்கள், கட்டுப் பிரித்துச் சரிபார்க்கும் நாள்வரையாவது அங்கே தங்க முடியுமா என்று பார்த்த பிறகே பயணச்சீட்டு எடுப்பது நல்லது.