கழற்ற முடிகிற மோட்டார்

கொங்கு நாட்டுத் தோட்டங்களில் ஆயிரம் அடி போர்வெல் இன்று அதிசயமல்ல. அந்த ஆழத்தில் தொங்கும் சப்மெர்சிபிள் மோட்டார், வோல்டேஜ் குறைந்தாலோ மூன்று ஃபேஸில் ஒன்று போனாலோ காயில் கருகி நின்றுவிடும். அதைத் தூக்கி எறிவதில்லை. மேலே எடுத்து, காயில் கட்டும் பட்டறைக்கு அனுப்பி, மறுபடி இறக்குகிறார்கள். இதைப் பட்டறைக்காரரின் கைத்திறன் என்று பாராட்டிவிட்டு நகர்வது வழக்கம். திறன் உண்மைதான். ஆனால் அந்தக் கை உள்ளே நுழைய, மோட்டாரை வரைந்தவர் முன்பே இடம் விட்டிருக்க வேண்டும்.

கோவையில் பெருவாரியாகச் செய்யப்படும் இவ்வகை மோட்டாருக்குள் தண்ணீரே நிரம்பியிருக்கும். காயில் கம்பிக்கு பிளாஸ்டிக் உறை இருப்பதால் வார்னிஷ் ஊற்றி இறுக்குவதில்லை. கருகிய கம்பியை வெட்டி உருவிவிட்டு, புதுக் கம்பியைக் கையாலேயே கோத்துவிடலாம். தேய்கிற புஷ்ஷையும் அச்சின் சுமை தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கையும் தனித்தனியே மாற்றலாம். பழைய செம்பு எடைக்கு விலைபோகும். உடைந்த வார்ப்பிரும்பு ஃபவுண்டரி உலைக்குத் திரும்பும். காயிலை எஃகு உறைக்குள் வைத்து ரெசின் ஊற்றி மூடிவிடும் மோட்டாரும் உலகில் புழக்கத்தில் உண்டு. அதுவும் நன்றாகவே உழைக்கும். காயில் போனால் மட்டும் மோட்டாரே போயிற்று. 2005-06இல் புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட் கிரைண்டரிலும், பெல்ட் அறுந்தால் வேறு போடலாம், கல் மழுங்கினால் கொத்திக்கொள்ளலாம்.

மறுபடி கட்டிய மோட்டார் கரண்டை அதிகம் இழுக்கும் என்பார்கள். அலட்சியப்படுத்தக்கூடாத வாதம் இது. வார்னிஷ் போட்ட மோட்டாரில் பழைய காயிலை எடுக்கச் சூடேற்றுவார்கள். சூடு மீறினால் ஸ்டேட்டர் தகடுகளுக்கு இடையேயான காப்பு கெட்டு மின் இழப்பு கூடும். கம்பியை உருவி எடுக்கும் மோட்டாரில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் மெல்லிய கம்பியைப் போட்டுக் கட்டினால் எந்த மோட்டாரிலும் நஷ்டம்தான். விவசாய மின்சாரம் இலவசமாக இருக்கும் தமிழ்நாட்டில் அந்த நஷ்டம் தோட்டக்காரருக்கு உறைக்காது, மின்வாரியம்தான் சுமக்கிறது. கம்பியின் கனம், சுற்றுகளின் எண்ணிக்கை இரண்டையும் நேம் பிளேட்டிலேயே பொறித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மிகப் பழைய, திறன் குறைந்த மோட்டாரை உருக்கிவிடுவதே மேல் என்பதையும் மறுக்கவில்லை.

பொருள் சாகாவிட்டால் ஆலை எதை விற்கும் என்றும் கேட்பார்கள். உதிரிபாகம் விற்கும். பட்டறை எந்த மோட்டாரைச் சுலபமாகக் கட்டுகிறதோ, அதைத்தான் அடுத்த தோட்டக்காரருக்கும் சிபாரிசு செய்யும். விளம்பரச் செலவு மிச்சம்.

உண்மையான சோதனை எலக்ட்ரானிக்ஸ் பக்கமிருந்து வருகிறது. சோலார் பம்பின் கன்ட்ரோலரில் போர்டு பழுதானால், காயில் கட்டத் தெரிந்தவரால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய முடியாது. பழுதுபார்க்கும் வசதிக்கு மதிப்பெண் கொடுத்து வாங்குபவருக்குக் காட்டும் முறையை பிரான்ஸ் 2021இல் சில மின்சாதனங்களுக்குக் கட்டாயமாக்கியது. இந்தியா 2022இல் தொடங்கிய பழுதுபார்ப்பு உரிமை இணையதளத்தில் விவசாயக் கருவிகளுக்கும் இடமுண்டு, ஆனால் தகவல் தருவதோடு அது நின்றுவிடுகிறது. சோலார் பம்புகளுக்கு பிஎம்-குசும் திட்டத்தில் அரசே மானியம் தருகிறது. போர்டு தனியே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும், அதன் சர்க்யூட் வரைபடம் பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டும், உதிரிபாகம் பத்தாண்டு விற்பனையில் இருக்க வேண்டும் என்று டெண்டரிலேயே எழுதிவிடலாம். மோட்டாரில் இதைச் செய்து பழகிய கோவைக்கு அந்த நிபந்தனை பாரமாக இராது.