உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் திறக்கும் கதவு

கார்வேட்டிநகரத்தில் தமிழ் பேசும் வீடானாலும் தெலுங்கு பேசும் வீடானாலும், சித்திரை வைகாசியில் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்காத வீடு குறைவு. துண்டு போட்டு, உப்பைப் பிசறி, ஜாடியில் மூடி வைக்கிறார்கள். மறுநாள் திறந்து பார்த்தால் ஜாடிக்குள் தண்ணீர் நிற்கிறது. யாரும் ஊற்றாத தண்ணீர்!

அது மாங்காயின் செல்களுக்குள் இருந்த தண்ணீர். ஒவ்வொரு செல்லையும் மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அதன் வழியே தண்ணீர் போய்வரும். உப்பு எளிதில் நுழையாது. வெளியே உப்பு கூடினால் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே இழுபடும். (பிறகு செல்கள் செத்து உப்பு உள்ளே இறங்குவது வேறு கதை.)

வெயில் காலத்தில் பேதியும் வரும். "தண்ணீர் கொடுக்காதே, இன்னும் போகும்" என்று குழந்தையின் வாயைக் கட்டும் பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது உயிருக்கே ஆபத்து. காரணம் இந்தச் சவ்வில்தான் இருக்கிறது.

கொழுப்புச் சுவர்

சவ்வு என்பது இரண்டு வரிசை கொழுப்பு மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் தண்ணீரை நாடும் தலை ஒன்று, தண்ணீருக்கு ஒதுங்கும் வால் இரண்டு. தலைகள் வெளிப்புறமும் வால்கள் உட்புறமுமாக நிற்கின்றன. 1925ல் ஹாலந்து நாட்டில் கார்ட்டர், கிரென்டல் என்ற இருவர் ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்துத் தண்ணீர் மேல் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு வந்தது. இரண்டு அடுக்கு என்று அப்படித்தான் தெரிந்தது. கனம்? பத்தாயிரம் சவ்வுகளை அடுக்கினால் ஒரு தலைமுடியின் கனம் வரும்.

இந்தச் சுவரில் புரதங்கள் மிதக்கின்றன என்று 1972ல் சிங்கரும் நிக்கல்சனும் விளக்கினார்கள். அவற்றில் பல, கதவுகள். எங்கள் ரயில்வே பாஷையில் சொன்னால், டிக்கெட் பார்த்துத்தான் உள்ளே விடும் கேட்டுகள். ஒரு புரதம் பம்பு போல வேலை செய்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. 1957ல் இதைக் கண்டறிந்த டென்மார்க் விஞ்ஞானி ஸ்கோவுக்கு 40 ஆண்டு கழித்து, 1997ல்தான் நோபல் பரிசு கிடைத்தது.

ஜோடி டிக்கெட்

சிறுகுடல் செல்லின் சவ்வில் ஒரு விசேஷக் கதவு உண்டு. உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால்தான் அது உள்ளே விடும். அவை போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். 1960ல் ராபர்ட் கிரேன் இதை எடுத்துச் சொன்னார்.

காலரா கிருமி ஒரு நஞ்சை விடுகிறது என்று 1959ல் கல்கத்தாவில் டாக்டர் சம்பு நாத் டே காட்டினார். அந்த நஞ்சு குடல் செல்லின் குளோரைடு கதவைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. உடம்பின் தண்ணீர் குடலில் கொட்டுகிறது. ஆனால் ஜோடிக் கதவு மட்டும் கெடுவதில்லை! மருந்து நுழைய அந்த வழி போதும்.

1971ல் வங்கதேச அகதிகள் எல்லையோர ஊரான பன்காவில் வந்து குவிந்தபோது காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்தது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்மில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. 2022ல் காலமான அவருக்கு மறு ஆண்டு பத்ம விபூஷண் அறிவித்தார்கள். இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

நம் பக்கத்து வேலூருக்கும் இதில் பங்கு உண்டு. சித்தூர்க்காரர்கள் அடிக்கடி போகும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவை இந்த நீரில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பெருங்குடல் பாக்டீரியாக்கள் அந்த மாவைப் புளிக்க வைக்கின்றன. அதில் உண்டாகும் அமிலங்களைப் பெருங்குடல் செல்கள் சோடியத்தோடும் நீரோடும் உறிஞ்சிக்கொள்கின்றன. பேதி குறைந்தது; சீக்கிரம் நின்றது. 2000ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியாயின.

அளவு முக்கியம்

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அதில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவில் கலக்குங்கள். பாக்கெட் இல்லையானால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ருசிக்காக இனிப்பைக் கூட்டக் கூடாது. மாங்காய் ஜாடியில் உப்பு செய்ததைக் குடலில் சர்க்கரை செய்துவிடும். இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டதும் இதனால்தான். கடையில் வாங்கினால் உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கண் குழிந்தாலும், குழந்தை சிறுநீர் கழிக்காவிட்டாலும், மலத்தில் ரத்தம் கண்டாலும் காலை பஸ்ஸுக்குக் காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் புறப்படுங்கள். வழியிலும் அந்த நீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே போகலாம்.